யாரும் தட்ட மாட்டார்கள்

உட்காருங்கள் சார். மேலே உங்கள் ரூமைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம்தான். இந்த சோபாவுக்கு வாருங்கள், ஃபேன் காற்று நேராக வரும். என் பெயர் மகுடேஸ்வரன். இந்த ஹோட்டலின் மேனேஜர்.

முதலில் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் ஒருவன் உங்களை நிறுத்தி, "ஒத்தையிலயா வந்திருக்கிய? வீட்ல யாரும் வரலியா?" என்று கேட்டான் அல்லவா? என் காதில் விழுந்தது. அவன் இங்கே ரூம் பாய். பெயர் முப்புடாதி. பாய் என்பது பெயருக்குத்தான், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு அவனுக்கு லீவு. ஊருக்குப் போகப் பையோடு கிளம்பிய ஆள். உங்களைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப உள்ளே வந்துவிட்டான். ஏன் வந்தான் என்று எனக்குத் தெரியாது. விருந்தினரிடம் சொந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பதிலே சொல்லாமல் உள்ளே வந்தீர்களே, அது சரி. மிகவும் சரி.

உங்களைப் போன்ற விருந்தினரைத்தான் சார் எனக்குப் பிடிக்கும். குற்றாலத்துக்குச் சீசனில் வருகிற கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எண்ணெய் வழிகிற தலை, ஈரத் துண்டு, பிள்ளைகளின் அழுகை, வராந்தா முழுக்கச் சேறு. நீங்கள் பங்குனியில் வந்திருக்கிறீர்கள். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் பாறை. குரங்குகள்கூட அருவியை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டன. இந்த வெயிலில் ஒருவர் தனியாக இங்கே வருகிறார் என்றால் அவர் அமைதியை விரும்புகிறவர். எனக்குப் புரிகிறது. பெட்டி இல்லை, பை இல்லை, கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மேல்மாடி வேண்டும், கடைசி ரூம் வேண்டும், யாரும் வரக் கூடாது. எவ்வளவு தெளிவு! ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் ரிசப்ஷன் பெண் கேட்டதற்கு, "இனிமே ஒண்ணும் வேண்டாம்" என்றீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது சார்.

தண்ணீராவது குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி.

உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. சிலர் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றும். நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். ஹோட்டல் நிர்வாகம் முறையாகப் படித்தவன். சென்னையில் இருக்கிற முதலாளி என்னை இங்கே அனுப்பியபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அங்க எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வேலை பாக்கிறாங்க. ஒழுங்குபடுத்துங்க." வந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

இவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது தனியாக வந்து ரூம் கேட்டால், மேல்மாடியில் இடம் இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். முதல் மாடியில், துணி அடுக்குகிற அறைக்குப் பக்கத்து ரூமைத்தான் கொடுப்பார்கள். முழுப் பொய்! அதோடு விடுவார்களா? கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார்கள். கொசுவத்தி வேண்டுமா என்று ஒருவர். டிவி தெரிகிறதா என்று இன்னொருவர். சட்டை மாறி வந்துவிட்டது, இது உங்களுடையதா என்று மற்றொருவர். சட்டையே சலவைக்குப் போடாத ஆளிடம் போய்! ஆள் வாய் திறந்து பேசிவிட்டால் முப்புடாதியை அனுப்புவார்கள். அவன் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். டீ வரும். இரண்டு பேரும் குடிப்பார்கள்.

ஒருநாள் நானே கையும் களவுமாகப் பிடித்தேன். முப்புடாதி ஒரு விருந்தினரோடு ரூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். அவன் துடைக்க வேண்டிய மாடியைக் குழல்வாய்மொழி துடைத்துக்கொண்டிருக்கிறாள். குழல்வாய்மொழி என்பது இந்த ஊர் அம்மன் பெயர் சார். இங்கே வேலை பார்க்கிற அம்மாளுக்கும் அதே பெயர். எல்லாரும் மொழியக்கா என்று கூப்பிடுவார்கள்.

"அவன் வேலையை நீ ஏன் செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி பேசிக்கிட்டு இருக்காவ சார்."

"பேசுவது ஒரு வேலையா?"

"அவிய பேசணும்னுதான் சார் நான் தொடைக்கேன்."

இதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான், முழங்கால் வலிக்காரி அவனுக்காக வாளியைத் தூக்குகிறாள். இது நியாயமா? எனக்கு நியாயம்தான் சார் உயிர். அன்றைக்கே உத்தரவு போட்டேன். அவரவர் மாடி அவரவருக்கு. ஒருவர் வேலையை இன்னொருவர் தொடக் கூடாது.

ரிசப்ஷனில் ஜமீலா என்று அந்தப் பெண் இருக்கிறாள் பாருங்கள், அவள் அப்போது என்னிடம் வந்து, "சார், ஒத்தையில வாரவங்களப் பாத்தா எங்களுக்குப் பயமா இருக்கும் சார். நான் சேர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ..." என்று ஆரம்பித்தாள். நான் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். "விருந்தினரைச் சந்தேகப்படுவதற்கு உனக்குச் சம்பளம் இல்லை" என்றேன். சரிதானே? தனியாக வருவது ஒரு குற்றமா?

உத்தரவு போட்டால் மட்டும் போதாது சார், ஊக்கமும் கொடுக்க வேண்டும். அதோ அந்தச் சுவரைப் பாருங்கள். எல்லா ஊழியர்களின் படமும் இருக்கிறது. படத்துக்குக் கீழே தங்க நிற நட்சத்திரங்கள். நானே கத்தரித்து ஒட்டியவை. விருந்தினர் ஃபோனில் பாராட்டி எழுதினால் ஒரு நட்சத்திரம் ஏறும். குறை எழுதினால் ஒன்று இறங்கும். என் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமே இல்லை. தொடக்க நாளில் கேக் வெட்டினேன். யாருமே கைதட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சில மாதங்களிலேயே முப்புடாதியின் படம் மொட்டையாகிவிட்டது. "ஊழியர் ஒருவர் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டினார்." "எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார்." இப்படியே எழுதியிருந்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? எழுதினவர்கள் விருந்தினர்கள்.

அப்புறம் பங்குனி உத்திரம் வந்தது. உங்களுக்கு எந்த ஊர் என்று தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். இந்தப் பக்கத்தில் உத்திரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். எல்லாரும் ஒரே நாளில் லீவு கேட்டால் ஹோட்டலை யார் பார்ப்பது? முன்பெல்லாம் இவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு இருந்ததாம். உத்திரத்துக்கு ஜமீலாவும் சமையல் மாஸ்டரும் பார்த்துக்கொள்வார்கள். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரைக் கேட்டு இந்த ஏற்பாடு? நட்சத்திரம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் லீவு என்றேன். உழைத்தவனுக்கு லீவு. இதைவிட நேர்மையாக ஒன்று சொல்ல முடியுமா?

முப்புடாதிக்கு லீவு இல்லை. அந்த வருடம் அவன் தங்கச்சி பிள்ளைக்குக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்பார்களாம். என் முன்னால் வந்து நின்றான்.

"நான் ஒரே மாமன் சார். வேற மடி கெடையாது."

"உன் படத்தைப் போய்ப் பார். அதுதான் உனக்குப் பதில்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பிள்ளையை யாரோ ஒரு பங்காளி மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிட்டார்களாம். தங்கச்சி இவனோடு பேச்சையே நிறுத்திவிட்டாளாம். மொழியக்கா என்னிடம் வந்து இதைப் பெரிய துக்கம் மாதிரிச் சொன்னாள். ஒரு மடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா சார்?

ஆனால் நட்சத்திரம் வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மறுநாளிலிருந்து முப்புடாதி வேறு ஆள். எல்லாருமே வேறு ஆட்களாகிவிட்டார்கள். வெட்டிப் பேச்சு இல்லை. ஒருவர் வாளியை இன்னொருவர் தூக்குவது இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், போவார்கள். சொல்லாத ஒன்றைச் செய்ய மாட்டார்கள். ஒருநாள் வராந்தாவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். "ஏன் அடைக்கவில்லை?" என்று கேட்டேன். "நீங்க சொல்லலியே சார்." மரியாதையாகத்தான் சொன்னார்கள். குரலில்கூட ஒரு குறை சொல்ல முடியாது.

விருந்தினர்கள் புகழ்ந்து எழுத ஆரம்பித்தார்கள். "அமைதியான இடம்." "ஊழியர்கள் இருப்பதே தெரியவில்லை." முதலாளி ஃபோன் பண்ணிப் பாராட்டினார். நான் வராந்தாவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். சில சமயம் திரும்பிப் பார்ப்பேன். எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்ததும் குனிந்துகொள்வார்கள். ஒழுங்கு என்றால் அப்படித்தானே இருக்கும்?

நடுவில் ஒன்று நடந்தது. உங்களிடம் சொல்லக் கூடாதுதான். நீங்கள் படித்தவர், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். சீசன் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு ஒரு பையன் வந்தான். உங்களைவிடச் சின்ன வயது. நல்ல சட்டை, நல்ல பேச்சு. மேல்மாடிதான் கேட்டான். கொடுத்தோம். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற போர்டைக் கதவில் மாட்டினான். போர்டு அன்றைக்கும் தொங்கியது. மறுநாளும் தொங்கியது. ரூமைக் காலி செய்ய வேண்டிய நேரம் தாண்டிய பிறகு, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

நான்தான் சார் திறந்தேன். இவர்களில் ஒருவர்கூட எனக்கு முன்னால் போகவில்லை.

போலீஸ் வந்தது. "நீங்கள் எதையுமே கவனிக்கவில்லையா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முப்புடாதி, "பாத்தேன் சார். போர்டு தொங்குச்சு" என்றான். மொழியக்காவும் அதையேதான் சொன்னாள். ஜமீலாவும் அதேதான். சொல்லி வைத்த மாதிரி ஒரே வாக்கியம். அதைச் சொல்லும்போது அவர்கள் போலீஸைப் பார்க்கவில்லை சார். என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே... போகட்டும்.

பையனின் அப்பா வந்தார். சத்தம் போடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் போடவில்லை. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இங்க வந்து ஏதாவது சாப்ட்டானா?" யாருக்கும் தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்? கேட்கக் கூடாது என்பது விதி. அதை நான் அவருக்கு விளக்கினேன். முப்புடாதி எழுந்து பின்பக்கம் போய்விட்டான். துணி அடுக்குகிற அறையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டானாம். "போர்டப் பாத்தேனே, பாத்துட்டுத்தான போனேன், வேணும்னுதான போனேன்" என்று. எதற்கு இந்த நாடகம்? விதியைச் சரியாகக் கடைப்பிடித்தவன் அவன். நானே அவனைக் கூப்பிட்டு, "உன்மேல் ஒரு தப்பும் இல்லை" என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்து, "அதச் சொல்லாதிய சார்" என்றான். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

உங்களுக்கு வியர்க்கிறதே. ஃபேனைக் கூட்டட்டுமா? பயப்படாதீர்கள், நீங்கள் கேட்டது அந்த ரூம் இல்லை. அதற்கு எதிர் ரூம். அந்த ரூமுக்கு வெள்ளையடித்து, நம்பரையும் மாற்றிவிட்டேன்.

ஆனால் நான் எப்படிப்பட்ட நியாயக்காரன் என்று பாருங்கள். இந்த வருடம் கணக்குப் பார்த்தால், நட்சத்திரத்தில் முதல் ஆள் முப்புடாதி! அதோ, அவன் படத்துக்குக் கீழேதான் இடமே இல்லாமல் ஒட்டியிருக்கிறது. ஒரு கதவையும் தட்டவில்லை, ஒரு குறையும் வரவில்லை. நாளைக்கு உத்திரம். முதல் லீவு அவனுக்குத்தான் கொடுத்தேன். தங்கச்சியின் இரண்டாவது பிள்ளைக்கு நாளைக் காலையில் காதுகுத்தாம். "இந்தத் தடவையும் வராட்டா எனக்கு அண்ணனே கெடையாதுன்னு எழுதி வச்சிருவேன்" என்று அவள் ஃபோனில் சொன்னாளாம். அவன் ஊருக்கு இன்றைக்கு இனிமேல் ஒரே ஒரு பஸ்தான், கொஞ்ச நேரத்தில் வரும். இதை விட்டால் நாளைக்கு மத்தியானம்தான் போய்ச் சேர முடியும். அப்படி இருக்கையில் உங்களைப் பார்த்துவிட்டு இவன் எதற்குத் திரும்ப உள்ளே வந்தான்? எனக்குப் புரியவே இல்லை.

என்ன, இன்னுமா ரூம் ஆகவில்லை? ஜமீலா! மேலே கேள். நீங்கள் எழுந்திருங்கள் சார், லிஃப்ட்டில் நானே கூட்டிப் போகிறேன்.

வரவில்லையே. நாலாவது மாடியிலேயே நிற்கிறது. இப்போதுதானே வேலை செய்தது? மேலே யார்? ஏ, மேலே யார்?... மொழியக்கா, நீ ஏன் படியில் இறங்கி வருகிறாய்? லிஃப்ட்டுக்கு என்ன? வாளியை லிஃப்ட்டுக் கதவில் வைத்துவிட்டு வந்தாயா? யார் வைக்கச் சொன்னது?

பார்த்தீர்களா சார், கேட்காமலே செய்கிறார்கள். பரவாயில்லை, படியில் போவோம். வாருங்கள். முப்புடாதி, நீ ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறாய்? உன் பஸ் வந்துவிட்டது. ஹாரன் கேட்கவில்லையா?

"கேக்குது சார்."

அப்புறம்? எழுந்து போ. போய் உன் மருமகனை மடியில் வை. நான்தானே லீவு கொடுத்தேன்? முதல் ஆள் என்று பேர் வாங்கிக் கொடுத்தேனே! எழுந்து வழி விடு. விருந்தினர் நிற்கிறார்.

"அவிய மேல போக வேண்டாம் சார்."

அதைச் சொல்ல நீ யார்? மாஸ்டர், நீங்கள் எதற்குச் சமையலறையை விட்டு வருகிறீர்கள்? அது என்ன தட்டு? சார் எதுவும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எல்லாரும் ஏன் இப்படி வந்து நிற்கிறீர்கள்? நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வரக் கூடாது என்று தெரியாதா? ஜமீலா, கடைசி ரூம் சாவியை எடு. எங்கே சாவி? உன் கையைத் திற. திற என்கிறேன்!

சார், மன்னித்துக்கொள்ளுங்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள். எவ்வளவோ நாளாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நான் சொன்னேனே, அந்தப் பார்வை என்று, அது இதுதான். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

மொழியக்கா! விருந்தினர் சோபாவில் நீ எப்படி உட்காரலாம்? அதுவும் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டு. எழுந்திரு. கையைப் பிடிக்காதே, அவர் கையை விடு!

"தம்பி, அம்மா இருக்காவளா?"

சார், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். இது உங்கள் சொந்த விஷயம்.

"எம் மூஞ்சியப் பாரும்யா. வீட்ல யாரு இருக்கா?"

வேண்டாம் சார். நீங்கள் உட்கார வேண்டாம். ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்? முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள். நான் வேறு ரூம் தருகிறேன், வேறு ஹோட்டலுக்கே வண்டி வைத்து அனுப்புகிறேன். முப்புடாதி, பஸ் போகிறது பார், அதோ வளைவில் திரும்புகிறது. முட்டாளே, ஓடினால்கூடப் பிடிக்கலாம்! அவர் காலடியில் என்ன உட்காருகிறாய்?

"வீட்டு நம்பரு சொல்லும்யா. ஜமீலா பாப்பா போடுவா. ஒம்ம கொரல மட்டும் அவிய கேக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜமீலா, ஃபோனைக் கீழே வை. என்னைக் கேட்காமல் ஒரு ஃபோனும் போகக் கூடாது. சார், நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் விருந்தினர். இவர்களிடம் உங்கள் வீட்டு நம்பரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கொஞ்சமும் இல்லை. எந்த ஹோட்டலிலும் இல்லை. நான் பொறுப்பு, நான் இருக்கிறேன். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

சார்... மெதுவாகச் சொன்னாலும் அவளுக்குக் கேட்கிறது சார். ஏன் சார் சொல்கிறீர்கள்?